வரிகெலு என்றால் வரகா?

கேள்வி: கர்னூல் பக்கம் இருக்கும் உறவினர் 'வரிகெலு' என்று ஒரு மூட்டை விதை கொடுத்தார். வீட்டில் தெலுங்கு பேசும் எங்கள் பாட்டி, "அது நம்ம வரகுதான்" என்கிறார். புரட்டாசிக் கடைசியில் மானாவாரியாக விதைக்கலாமா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: பாட்டி சொல்வதில் பாதி சரி. சொல் ஒன்றுதான்; பயிர் வேறு.

தமிழில் வரகு, தெலுங்கில் வரிக, கன்னடத்தில் பரகு. மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. நம் 'வ' கன்னடத்தில் 'ப' ஆவது வழக்கம்; நாம் 'வேர்' என்பதை அவர்கள் 'பேரு' என்பார்கள். ஆனால், அந்த இரு மொழிகளிலும் இந்தப் பெயர் பனிவரகுக்கு நிலைத்துவிட்டது. நம் வரகுக்குத் தெலுங்கில் அரிகெலு, கன்னடத்தில் ஹாரக என்று பெயர். தமிழிலும் கேழ்வரகு, பனிவரகு என வேறு இரு தானியங்கள் இந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் பல வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குவதால் இந்தக் குழப்பம் இயல்புதான்.

பெயர் மாறினால் என்ன என்று விட்டுவிட முடியாது. வரகு விளைய 100 முதல் 120 நாள் ஆகும். பனிவரகுக்குச் சுமார் 70 நாள் போதும். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் பனிவரகு மார்கழியிலேயே முற்றிவிடும். வரகு என்று நினைத்துத் தை வரை காத்திருந்தால் மணி உதிர்ந்து மண்ணோடு போகும்.

விதைக்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். வழவழப்பாக, பளபளப்பாக, முட்டை வடிவில் இருந்தால் பனிவரகு. பழுப்பு நிறத்தில், கெட்டியான தோலுடன், ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் வரகு. பயிரிலும் அடையாளம் உண்டு. பனிவரகுக் கதிர் விரிந்து தொங்கும். வரகில் மணிகள் காம்பை ஒட்டி வரிசையாக இருக்கும்.

பனிவரகுதான் என்று தெரிந்தால் தாராளமாக விதையுங்கள். குறைந்த ஈரத்திலும் விளையும். கதிரின் மேல்பாகம் முற்றியதும், மழை வெறித்த நாளாகப் பார்த்து அறுத்துவிடுங்கள்.

வெளி மாநில விதை வாங்குவோர் எல்லோருக்கும் ஒரு வார்த்தை: மூட்டையில் உள்ள தாவரவியல் பெயரையும் பாருங்கள். வரகு 'பாஸ்பாலம்', பனிவரகு 'பேனிகம் மிலியேசியம்'. ஊருக்கு ஊர் பேச்சு மாறும். இந்தப் பெயர் மாறாது.