முழங்கால் வலிக்கு உங்கள் ரத்தமே மருந்தா? பிஆர்பி ஊசி போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முழங்கால் வலி உள்ள ஒரு பினாங்குக்காரரிடம், "இந்த வருசம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். 500-க்கும் மேற்பட்ட படிகள். ஏறிவிடலாம், இறங்குவதுதான் கஷ்டம் என்பார்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ தாத்தாவோ இதையே சொல்லலாம். அந்த நேரம் பார்த்து ஃபோனில் ஒரு விளம்பரம் வரும்: 'ஆப்பரேஷன் வேண்டாம், உங்கள் ரத்தமே உங்களைக் குணமாக்கும்.' அதைப் படித்துப் பார்த்து, போடலாமா வேண்டாமா என்று வீட்டுக்குச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

முழங்காலில் என்ன நடக்கிறது?

எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மெல்ல மெல்லக் கெட்டு, மூட்டு முழுவதும் பாதிக்கப்படுவதுதான் மூட்டுத் தேய்மானம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019-இல் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதிகம் பாதிக்கப்படுவது முழங்கால். பாதிக்கப்பட்டவர்களில் 60 விழுக்காட்டினர் பெண்கள். தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர்த்துத் தரும் மருந்து எதுவும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

பிஆர்பி என்றால் என்ன?

உங்கள் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அதை ஒரு மெஷினில் வைத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். பிளேட்லெட் அதிகமுள்ள பிளாஸ்மாவைத் தனியே எடுத்து முழங்காலுக்குள் ஊசியாகப் போடுவார்கள்.

காயம் பட்டால் ரத்தத்தை உறையவைப்பது பிளேட்லெட். திசு ஆறுவதற்கு உதவும் புரதங்களும் அதில் இருக்கின்றன. அவற்றை மொத்தமாக மூட்டுக்குள் கொண்டுபோனால் வீக்கமும் வலியும் குறையாதா என்பதுதான் இதன் பின்னுள்ள யோசனை. யோசனை நல்லாத்தான் இருக்கு. சோதனையில் தேறியதா?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2021-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு முக்கியமானது. மிதமான தேய்மானம் உள்ள 288 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பிஆர்பி, இன்னொரு குழுவுக்கு வெறும் உப்புநீர். வாரம் ஒன்று வீதம் மூன்று ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது.

ஓராண்டுக்குப் பிறகு, 10 புள்ளி அளவுகோலில் பிஆர்பி குழுவின் வலி 2.1 புள்ளி குறைந்திருந்தது. உப்புநீர் குழுவுக்கு 1.8 புள்ளி. கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு தேய்வதும் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. அந்த ஆய்வில் பிளேட்லெட் செறிவு போதவில்லை என்று சில மருத்துவர்கள் விமர்சித்தார்கள். வேறு சில சிறிய ஆய்வுகள் பிஆர்பிக்குச் சாதகமாக வந்திருக்கின்றன. பிரச்சினை என்னவென்றால், எவ்வளவு ரத்தம், எத்தனை சுற்று, எத்தனை ஊசி என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

அதனால் வழிகாட்டிகளும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க வாத நோய் மருத்துவர்கள் அமைப்பு 2019-இல் 'வேண்டாம்' என்று அழுத்தமாகச் சொன்னது. அமெரிக்க எலும்பியல் மருத்துவர்கள் அமைப்பு 2021-இல் 'வலி குறையலாம், ஆனால் ஆதாரம் குறைவு' என்றது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, பெரிய பாதுகாப்புச் சிக்கல் இல்லை, ஆனால் பலனுக்கான ஆதாரத்தின் தரம் போதாது என்றது.

அப்படியென்றால் 'எனக்குச் சரியாயிடுச்சு' என்பவர்கள் பொய் சொல்கிறார்களா?

இல்லை. அந்த உப்புநீர்க் குழுவைத் திரும்பப் பாருங்கள். அவர்களுக்கும் வலி குறைந்தது. மூட்டு வலி தானாகவே ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பலரும் ஊசிக்குப் போகிறார்கள். நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு. குறைந்த வலி உண்மை. அதைக் குறைத்தது ஊசிதானா என்பதுதான் கேள்வி.

'ஸ்டெம் செல்' ஊசியும் இதுவும் ஒன்றா?

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோலாலம்பூர் ஸ்போர்ட்ஸ் மெடிசின் சென்டர் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்த ஸ்டெம் செல்லை ஊசியாகப் போட்டார்கள். ஆனால் அதற்கு முன் மூட்டுக்குள் துளையிடும் அறுவை சிகிச்சை நடந்தது. பங்கேற்ற 50 பேரும் 18 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள். ஸ்கேனில் குருத்தெலும்பு மேம்பட்டது தெரிந்தது. ஆனால் இரண்டு ஆண்டு கழித்து, நோயாளிகள் தங்கள் முழங்காலுக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைக் காட்டி 70 வயதுப் பாட்டிக்கு ஊசி விற்க முடியாது.

பணம் கட்டும் முன்

மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் நோயாளிகள் தேடி வரும் மருத்துவ நகரம் பினாங்கு. நல்ல நிபுணர்களுக்குக் குறைவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்பது உங்கள் உரிமை:

• எக்ஸ்ரேயில் தேய்மானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? முற்றிய நிலையில் பிஆர்பியிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.
• மொத்தம் எத்தனை ஊசி, எல்லாம் சேர்த்து எத்தனை ரிங்கிட்?
• பலன் இல்லையென்றால் அடுத்து என்ன?
• ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறாரா? பிளேட்லெட் குறைவா? ஏதாவது தொற்று இருக்கிறதா? முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரின் பெயரைத் தேசிய மருத்துவ நிபுணர் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். விளம்பரத்தில் கேகேஎல்ஐயு அனுமதி எண் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அது விளம்பரத்துக்கான அனுமதி மட்டுமே, சிகிச்சை பலன் தரும் என்ற உத்தரவாதம் அல்ல.

முதலில் என்ன செய்யலாம்?

கேட்க சாதாரணமாக இருந்தாலும், எல்லா வழிகாட்டிகளும் ஒரே குரலில் சொல்வது இரண்டு: தொடைத் தசையை வலுப்படுத்தும் உடற்பயிற்சி, கூடுதல் எடை இருந்தால் குறைப்பது. உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைவதாக 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

அரசு சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால், அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி குறைந்த செலவில் கிடைக்கும். இரண்டு மூன்று மாதம் அதை ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகும் வலி இருந்தால், பிஆர்பி பற்றி நிபுணரிடம் பேசலாம். சேமிப்பில் கை வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.