கட்டுசோற்று விருந்து

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டாயிற்று. பாலக்காட்டுச் சமவெளியில் வெயில் கொளுத்துகிறது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அங்கே வெப்பம் 41 பாகை செல்சியஸைக் கடந்ததை நாம் இன்னும் மறக்கவில்லை. மலைமேல் வாழும் இடுக்கி அன்பர்களுக்கு அத்துணைத் துன்பம் இல்லை. ஆயினும் அங்கேயும் ஓடைகள் மெலிந்துவிட்டன. இந்நாட்களில் சங்கத்து அன்பர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான்: "இவ்வாண்டு எங்கே போகலாம்?"

பிக்னிக் என்னும் சொல் நமக்குப் புதிது, செயல் புதிதன்று. ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரையில் அமர்ந்து சித்திரான்னம் உண்டவர்கள் நம் முன்னோர். சித்திரை முழுநிலவில் முற்றத்தில் கூடி நிலாச்சோறு உண்டவர்களும் அவர்களே. நாலு தூக்குப் பாத்திரம், ஒரு கட்டு வாழை இலை, ஒரு ஜமுக்காளம், ஒரு குடம் தண்ணீர் - இவ்வளவுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வனபோஜனம் என்றும், கட்டுசோறு என்றும் அதற்கு நல்ல பெயர்களையும் இட்டிருந்தார்கள். ஆதலால் எப்படிப் போவது என்பதை நம்மவர்க்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. யாரோடு போவது, போன இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்னும் இரண்டைப் பற்றியே இம்மாதம் சில சொல்ல விரும்புகிறோம். இதற்குக் காரணம் நாம் செய்த ஒரு பிழை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், சித்தூர் வட்டத்தில் ஓர் ஆற்றோரத்து மாந்தோப்புக்கு ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து சென்றோம். தோப்புக்கு உரியவர் மலையாளி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். நிழலில் அமர்ந்துகொள்ளலாமா என்று கேட்டதும், உலர்ந்த சருகைத் தாமே கூட்டி இடம் செய்து கொடுத்தார். கிணற்றடியைக் காட்டினார். சற்று நேரத்தில் பேரன் கையில் ஒரு குலை இளநீரும் வந்து சேர்ந்தது. நாம் நன்றி சொன்னோம், இளநீரைக் குடித்தோம். பிறகு வட்டமாக அமர்ந்து, புளியோதரையும் தயிர்ச்சோறும் வடுமாங்காயும் பரிமாறிக்கொண்டு, ஊர்க்கதை பேசி, பாட்டுப் பாடி, மாலையில் வண்டி ஏறினோம். பெரியவர் வாயிற்படியில் நின்று கையசைத்தார்.

பாதி வழியில் நம் கூட்டத்துச் சிறுமி ஒருத்தி தன் தாயிடம், "அம்மா, அந்தத் தாத்தாவுக்கு ஏன் நாம் இலை போடவில்லை?" என்று கேட்டாள்.

வண்டியில் இருந்த ஒருவரிடமும் அதற்கு விடை இல்லை. வேண்டுமென்று செய்த புறக்கணிப்பன்று அது, நினைவே வரவில்லை. நினைவு வராமல் போனதுதான் நம்மை இன்றளவும் உறுத்துகிறது. திருக்குறளில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே உண்டு என்று மேடைதோறும் பேசும் நாம், நிழலும் நீரும் தந்தவருக்கு ஒரு பிடி சோறு தர மறந்தோம்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் எண்ணலாம். வேறோர் ஊரில் இது சிறு குறை. நாம் வாழும் எல்லைப்புறத்தில் அவ்வாறன்று.

நம்மவர் இம்மண்ணில் இருக்கும் வகை ஒன்றன்று. இடுக்கி மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, நம் பாட்டன் பூட்டன்மார் மலையேறி வந்தார்கள். லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்து, அங்கேயே பேரன் பேத்தி கண்டவர்கள் நம்முள் பலர். பாலக்காட்டின் கதை வேறு. மலம்புழை அணை 1955ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது பாலக்காடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. திறந்து வைத்தவர் அந்நாளைய முதலமைச்சர் காமராசர். அடுத்த ஆண்டு நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் அமைந்தது. பாலக்காடு அதில் சேர்ந்தது. வீடு மாறாமலே மாநிலம் மாறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே எத்தனையோ! இன்று அந்த அணைப் பூங்காவில் ஞாயிறுதோறும் இருமொழியாரும் அருகருகே விரிப்பு விரித்து உண்கிறார்கள். ஆனால் அருகருகே உண்பது வேறு, சேர்ந்து உண்பது வேறு அன்றோ?

அந்த வேறுபாடு சோதிக்கப்படும் நாளும் வந்தது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய பூசல் மூண்டபோது, குமுளி எல்லையில் போக்குவரத்து நின்றது. இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி, குடும்பத்தோடு தேனி மாவட்டத்துக்கு இறங்கிச் சென்றார்கள். தமிழகத்தின் பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையைப் பற்றிய வழக்கு அரசுகளுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. அதை இங்கே ஆராயப் புகவில்லை. நாம் கேட்பது ஒன்றே: அத்தகைய ஓர் இரவில் அண்டை வீட்டுக் கதவைத் தட்டும் துணிவு ஒருவனுக்கு எங்கிருந்து வரும்? முன்னொரு நாள் ஒரே பந்தியில் உண்ட உறவிலிருந்துதான் வரும். பூசல் மூண்ட பிறகு அழைத்தால் யாரும் விருந்துக்கு வரமாட்டார். அழைக்க வேண்டிய காலம் அமைதிக் காலமே.

பிழைக்க வந்தவன் என்றும் விருந்தினனாகவே இருக்க நேர்கிறது. பிறர் தரும் இடம், பிறர் தரும் வேலை, பிறர் சொல்லும் வழி. என்று அவன் தன் கையால் பிறருக்கு இலை போடுகிறானோ அன்றுதான் அவன் அவ்வூரான் ஆகிறான். ஆகவே இக்கோடையில் நம் வனபோஜனத்துக்கு அடுத்த வீட்டு மலையாளிக் குடும்பத்தையும், உடன் வேலை செய்யும் நண்பரையும், தோப்புக்கு உரியவரையும் அழைப்போம். பள்ளித் தோழர்களை அழைத்து வருமாறு பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால், பெரியவர்கள் தயங்கும் இடத்தில் அவர்கள் வேலையை முடித்துவிடுவார்கள்.

இனி, விருந்து செய்பவருக்குரிய கடமைகளுக்கு வருவோம்.

முதலாவது, இடம். காடும் தோட்டமும் யாருக்கும் உரியன அல்ல என்று எண்ணி நுழைவது தவறு. தோப்பானால் உரியவரிடமும், தேயிலைக் காடானால் தோட்ட நிர்வாகத்திடமும், சரணாலயமானால் வனத்துறையிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். மறையூரைக் கடந்த சின்னாறு 1984 முதல் வனவிலங்குச் சரணாலயம். அங்கே பாம்பாற்றின் கரை எவ்வளவு அழைத்தாலும் விருப்பம்போல் இறங்க இயலாது. அருகே முதுவர் குடி இருந்தால் அங்குள்ள மூத்தவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது மரியாதையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும். யானை நேற்று எங்கே நின்றது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

இரண்டாவது, தீ. கோடையில் மலைப்புல் காய்ந்த வைக்கோல். 2018 மார்ச் 11 அன்று, இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் மலையேற்றத்துக்குச் சென்ற குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களும் நண்பர்களோடு விடுமுறையை இனிதாகக் கழிக்கச் சென்றவர்கள்தாம். ஆகையால் கோடையில் காட்டோரத்தில் அடுப்பு மூட்டுவதே வேண்டாம். வீட்டில் சமைத்துக் கட்டிக்கொண்டு போவதற்குத்தான் கட்டுசோறு என்று பெயர். புகைபிடிப்பவர் வீடு திரும்பும்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, நீர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்ததை நாம் அறிவோம். ஏரி மட்டுமன்று, முழங்கால் அளவே தெரியும் ஆறும் நம்பத் தக்கதன்று. மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியா. அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் நீர் திறந்துவிட்டால் சில நிமிடங்களில் மட்டம் உயரும். எனவே இருவரை நீர்க்கரைக் காவலுக்கென்றே அமர்த்திவிட வேண்டும். அவர்கள் மற்றவர்க்கு முன்பே உண்டுவிடட்டும். போகும்போதும் உணவுக்கு முன்பும் கிளம்பும்போதும் பிள்ளைகளின் தலையை எண்ணுவது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியும் மின்னலுமாக இறங்கும். காலையில் சீக்கிரம் சென்று மூன்று மணிக்குள் மூட்டை கட்டுவதே அறிவுடைமை. மின்னும்போது மரத்தடியில் நிற்கலாகாது.

நான்காவது, உணவு. புளியும் நல்லெண்ணெயும் சேர்வதால் புளியோதரை மாலைவரை கெடாது. தயிர்ச்சோற்றுக்குப் பாலை மிகுதியாக ஊற்றிச் சிறிதே தயிர் கலந்தால் நண்பகலில் பதமாக இருக்கும். வீட்டிலேயே தயிரை நிறைய ஊற்றிவிட்டால் உண்ணும்போது புளித்துவிடும். பச்சைத் தேங்காய்ச் சட்டினி வெயில் தாங்காது. வறுத்து அரைத்த துவையல் தாங்கும். இட்லியானால் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி இலையில் கட்டலாம். தாகத்துக்கு மறையூர்ச் சர்க்கரை கரைத்த பானகத்தை மிஞ்சியது உண்டா? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அது. கடையில் வாங்கும் வண்ணநீருக்கு அது எவ்வளவோ மேல்.

விருந்தினரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கப்பையும் மீன் குழம்பும் வரலாம். சீரகம் போட்டுக் காய்ச்சிய நீர் வரலாம். மரக்கறி மட்டும் உண்போர் நம்மில் இருந்தால், அவர்களுக்கு ஒரு வரிசை தனியாக அமையட்டும். ஆனால் முகம் சுளிப்பது கூடாது. பலாப்பழம் வந்தால் பேச்சே வேண்டாம்! தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம் அதுவே. 2018 முதல் கேரளத்துக்கும் அதுவே. சுளை எடுக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நான்கு பேர் அமர்ந்துவிட்டால், மொழி தெரியாதவர்களும் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஐந்தாவது, மிச்சம். சோறுதானே, மக்கிப்போகும் என்று காட்டோரத்தில் கொட்டிவிட்டு வருபவர்கள் அரிக்கொம்பனை நினைத்துக்கொள்ளட்டும். அரிசியின் சுவை கண்டு சின்னக்கானல் பகுதியில் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அக்காட்டானையை, 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். அடுத்த மாதமே அது கம்பத்துக்கு இறங்கியது. ஜூன் மாதம் தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு சென்றது. பிறந்த காட்டை விட்டு அது அலைந்ததற்கு மனிதரின் உணவு ஒரு காரணம். ஆகவே மிஞ்சியதையும், இலையையும், ஒரு காகிதத்தையும் விடாமல், கொண்டு போன கூடையிலேயே திருப்பிக் கொண்டுவருவோம்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் மகிழ்ச்சி எங்கே என்று கேட்கும் இளைஞர்கள் சித்திரை முழுநிலவன்று மங்கலதேவி மலைக்குச் சென்று பார்க்கட்டும். புலிகள் காப்பகத்தின் நடுவே உள்ள அக்கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் அந்த ஒருநாள்தான் அனுமதி. தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகமும் முன்கூட்டியே கூடி ஏற்பாடு செய்கின்றன. பிளாஸ்டிக்குக்குத் தடை, மாலைக்குள் மலை இறங்கிவிட வேண்டும். குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியங்குடியிலிருந்து கால்நடையாகவும் இரு மாநிலத்தாரும் ஏறி வருகிறார்கள். ஒழுங்கு இருப்பதால் யாருடைய மகிழ்ச்சியும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நம் மாந்தோப்புக் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறோம். மறு ஆண்டு அதே தோப்புக்குச் சென்றோம். இம்முறை ஒரு வாரம் முன்பே இருவர் நேரில் போய்ப் பெரியவரைக் குடும்பத்தோடு உண்ண அழைத்தார்கள். அவர் மனைவியும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு பெரிய பலாப்பழமும் வந்தது. முதல் இலையை அவருக்குப் போட்டவள் அந்தச் சிறுமியே. பெரியவர் புளியோதரையைச் சிறிது உண்டார். தயிர்ச்சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். முந்தைய ஆண்டைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

கிளம்பும்போது, "அடுத்த கொல்லமும் வரணம்" என்றார். அவர் மலையாளத்தில் சொன்னதற்கு அச்சிறுமி தமிழில், "நீங்களும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தாத்தா" என்றாள். அவர் பொங்கலுக்கு வந்தார்.