விடுவித்த மீன் பிழைக்குமா?

காஷ்மீரத்து ஆறுகளில் டிரௌட் மீனைத் தூண்டிலிற் பிடித்து மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவோர், உயிர்க்கொலை புரியவில்லையென மனநிறைவு கொள்கின்றனர். குளிர்ந்த நீரில் அது பெரும்பாலும் மெய்யே. கோடைப் பிற்பகலில், நீர் வற்றிச் சூடேறிய இடங்களில் அவ்வாறன்று. கடல் மட்டத்தில் 10 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நன்னீர், லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 9 ஆகக் குறைகிறது. மலையுச்சிகளில் இன்னும் குறைவே. மீனின் தேவையோ வெப்பம் ஏற ஏற மிகுகிறது. போராடிக் களைத்த மீன் நீந்திச் சென்றபோதிலும், சில மணி நேரங்கழித்து ஏதேனும் ஒரு மடுவில் இறக்கக்கூடும். பிடித்தவர் அதனைக் காண்பதேயில்லை. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், டிரௌட் வாழும் ஆற்றுநீர் தொடர்ந்து மூன்று நாட்கள் சுமார் 23 டிகிரியை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டிலிடுதல் தடை செய்யப்படுவதுண்டு. இங்கும் அதற்கு வெப்பமானி ஒன்றே போதும். மீன்துறை ஊழியர் நண்பகலில் அதனை நீரில் அமிழ்த்திப் பார்த்து, வேண்டுமாயின் அன்றைய தூண்டில்களைச் சுருட்டச் சொல்லலாம்.