எந்த அளவுகோலால் அளந்தனர்?

“ஆங்கில வழியிற் படித்தால்தான் ஆங்கிலம் வரும், ஆராய்ச்சிகளே அவ்வாறுதான் கூறுகின்றன.” இச்சொற்களைச் செவிமடுக்காத தமிழ்ப் பெற்றோர் இலர். பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கச் செல்லும் கூலித் தொழிலாளிக்கும் இதே மருந்துதான் ஊட்டப்படுகின்றது. அவனோ, படித்தவர் கூறுகின்றனரே என்று தலையசைத்துவிட்டு வருகின்றான்.

ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டால் வாய் மூடிக்கொள்ள வேண்டுமா? எவரை ஆய்ந்தனர், எவரோடு ஒப்பிட்டனர், எதனைக் கொண்டு அளந்தனர் என்று வினவும் உரிமை நமக்கில்லையா? துணி வாங்கும்போது முழக்கோலைப் பார்க்கின்றோம். பொன் வாங்கும்போது உரைகல்லைப் பார்க்கின்றோம். மக்களின் மொழியையும் அறிவையும் விலை பேசும்போது மட்டும் அளவுகோலைப் பாராது விடுவது அறிவுடைமை ஆகுமா?

மொழிக் கல்வி ஆய்வின் வரலாறே நமக்கொரு பாடம். 1923-ஆம் ஆண்டில் சேயர் என்பார் வேல்சு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளந்தார். நாட்டுப்புறத்தில் வேல்சும் ஆங்கிலமும் அறிந்த பிள்ளைகள், ஒரு மொழியே அறிந்தவர்களினும் தாழ்ந்த மதிப்பெண் பெற்றனர். நகர்ப்புறத்திலோ அத்தகைய தாழ்வு காணப்படவில்லை. அப்படியாயின், தாழ்வுக்குக் கரணியம் இருமொழி அறிவா, வாழ்நிலையா? அவ்வினா அப்போதே எழுந்திருத்தல் வேண்டும். ஆயினும், இருமொழி அறிவு மூளையைக் குழப்பும் என்னும் எண்ணமே பல்லாண்டுகள் கோலோச்சியது.

பின்னர், 1962-இல் பீல், இலாம்பர்ட்டு என்னும் இருவர் கனடாவின் மொன்றியல் நகரில் பத்தாண்டு அகவையுடைய பிள்ளைகளை ஆய்ந்தனர். குடும்ப நிலையில் ஒத்தவர்களையே ஒப்பிட்டனர். முடிவு தலைகீழாயிற்று! இருமொழிப் பிள்ளைகளே முந்தினர். பிள்ளைகள் மாறிவிடவில்லை, ஒப்பிடும் முறை மாறியது. அதிலும் ஒரு குறை இருந்தது. இரு மொழியிலும் ஒத்த திறன் உடையவர்களை மட்டுமே இருமொழியாளர் என்று பொறுக்கி எடுத்தனர். இயல்பிலேயே கூர்மதியுடையோர் அக்குழுவில் மிகுந்திருத்தல் கூடுமன்றோ?

இனி, ஆங்கில வழிக்கு வழக்காடுவோர் போற்றித் திரியும் சான்றுக்கு வருவோம். 1965-இல் மொன்றியலை அடுத்த செயிண்டு இலாம்பர்ட்டு என்னும் ஊரில் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மழலை வகுப்பிலிருந்தே பிரெஞ்சு மொழி வழியாகக் கற்பித்தனர். இலாம்பர்ட்டும் டக்கரும் அப்பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அளந்து, 1972-இல் நூலாக வெளியிட்டனர். பிள்ளைகளின் ஆங்கிலம் கெடவில்லை, பாட அறிவும் குறையவில்லை, பிரெஞ்சும் வந்தது. உடனே நம்மவர், “பார்த்தீர்களா! வேற்றுமொழி வழியிற் படித்தாலும் தீங்கில்லை” என்று துள்ளுகின்றனர்.

பொறுங்கள்! அப்பிள்ளைகள் யார்? வட அமெரிக்காவின் ஆளுமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், நடுத்தரக் குடும்பத்தினர். அத்திட்டத்தை வேண்டிப் பெற்றவர்கள் அவர்களின் பெற்றோரே. வீட்டிலும் தெருவிலும் அங்காடியிலும் ஆங்கிலமே முழங்கிற்று. இரண்டாம் வகுப்பிலிருந்து பள்ளியிலும் ஆங்கிலம் ஒரு பாடமாயிற்று. அம்மொழியை எவராலும் அசைக்க முடியாது. இந்நிலையைத்தான் இலாம்பர்ட்டு, ஒரு மொழி மற்றொன்றோடு கூடுகின்ற நிலை என்றார். தாழ்த்தப்பட்ட மொழியினர் ஆளுமொழி வழியிற் கற்கும்போது, ஒன்று வர மற்றொன்று கழியும் நிலை ஏற்படும் என்று வேறுபடுத்திக் காட்டியவரும் அவரே. அவருடைய முதற் கூற்றை எடுத்துக்கொண்டு, இரண்டாவதை மறைப்பது நேர்மையா? மதிப்பிழந்த தமிழோடு பள்ளிக்கு வரும் சிற்றூர்ப் பிள்ளைக்கும், மதிப்பு மிக்க ஆங்கிலத்தோடு வந்த அப்பிள்ளைக்கும் என்ன ஒப்புமை?

அளக்கும் தேர்வும் முடிவை வளைக்கும் என்பதற்கு நம் நிலத்திலேயே சான்றுண்டு. 1979 முதல் 1984 வரை பேராசிரியர் பிரபு, கருநாடகத்திலும் தமிழகத்திலும் சில பள்ளிகளில், இலக்கணத்தை முன்வையாது செயற்பணிகள் வழியே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். பெங்களூர்த் திட்டம் என்று ஞாலம் அதனை அறியும். 1984-இல் பெரெட்டாவும் தேவிசும் நான்கு பள்ளிகளில் அதன் பயனை அளந்தனர். அவர்கள் ஒரே தேர்வை நம்பவில்லை. இலக்கண அமைப்புத் தேர்வு பழைய முறையினர்க்கும், செயற்பணித் தேர்வு புதிய முறையினர்க்கும் சார்பாகும் என்பதை உணர்ந்து, இருவர்க்கும் பொதுவான தேர்வுகளையும் சேர்த்து வைத்தனர். பிள்ளைகளைக் குலுக்கல் முறையிற் பிரிக்க இயலாமல், இருந்த வகுப்புகளையே ஒப்பிட நேர்ந்தது. எனவே, கிடைத்த முடிவு முறையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா என்னும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. அளப்பவர் தம் கோலைத் தாமே ஐயுற்றது போற்றத்தக்கது.

இப்போது நம் பக்கத்துச் சான்றையும் அதே தட்டில் வைப்போம். 1970-இல் நைசீரியாவின் இஃபே நகரில் பேராசிரியர் பாபுன்வா முதலியோர் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முழுவதையும் யோருபா மொழியிலேயே அளித்தனர். ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் வைத்தனர். ஒப்பீட்டு வகுப்பினர் நான்காம் ஆண்டில் ஆங்கில வழிக்கு மாற்றப்பட்டனர். தாய்மொழி வழியிற் பயின்றோர் பாடங்களிற் சிறந்ததோடு, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. நம் நெஞ்சு குளிர்கின்றது! ஆயினும், அத்திட்டத்திற்கெனப் புதிய நூல்கள் எழுதப்பட்டன. ஆங்கிலத்திற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் அமர்த்தப்பட்டார். வெற்றியிற் பங்கு அவற்றுக்கும் உண்டு. இதனை மறைத்துப் பேசினால் நாமும் மாற்றாரைப் போன்றவரே. மறையாது பேசினாலோ நமக்கு மேலும் ஒரு படைக்கலம் கிட்டுகின்றது: நல்ல நூலும் நல்ல ஆசிரியரும் இருந்தால், தாய்மொழி வழியிற் படித்துக்கொண்டே ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்கவியலும் என்பதே அது!

தமிழ்நாட்டில் 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் பரப்பப்பட்டன. அவற்றின் பயனைக் காட்டத் தேர்ச்சிக் கணக்கு மட்டும் போதாது. வருவாயும் பெற்றோர் கல்வியும் ஒத்த குடும்பத்துப் பிள்ளைகளை ஒப்பிடல் வேண்டும். ஓராண்டு அன்று, பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். இரு மொழியிலும் தேர்வு வைத்தல் வேண்டும். இடையில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். வகுப்பறையுள் அமர்ந்து, அங்கே உண்மையில் ஆங்கிலம் ஒலிக்கின்றதா, அன்றித் தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்விக்கின்றனரா என்று உற்றுநோக்கல் வேண்டும். பெயர்ப்பலகையில் ஆங்கில வழி. நெஞ்சில் எவ்வழியும் இல்லை என்னும் நிலையை மதிப்பெண் பட்டியல் காட்டாது.

தமிழ் ஆசிரியர்களே, கல்வியியல் மாணவர்களே! இவ்வாய்வு உங்கள் தோள்மேல் விழுந்த கடமை. கனடாப் பிள்ளையை அளந்த கோலைக் கொண்டு கடலூர்ப் பிள்ளையை அளவாதீர்கள். நம் மண்ணில், நம் பிள்ளைகளிடம், நேர்மையான முறையில் நாமே அளப்போம். அதுவரை, “ஆராய்ச்சி கூறுகின்றது” என்று எவரேனும் வந்தால் சினவாதீர்கள். அமைதியாக ஒன்றே கேளுங்கள்: எந்த அளவுகோலால் அளந்தீர்கள்?

தாய்மொழியிற் கற்பது பிறப்புரிமை. அவ்வுரிமைக்கு ஆய்வின் இசைவு வேண்டுவதில்லை. ஆனால், பொய்யான ஆய்வின் பெயரால் அதனைப் பறிக்க வருவோரைத் தடுக்க, மெய்யான ஆய்வு வேண்டும். உணர்ச்சி நம்மிடம் நிரம்ப உண்டு. அதனோடு அளவையும் சேரட்டும்!