பெயரும் ஊரும் போதும்

வேண்டாத மின்னஞ்சல்களைப் பற்றி அங்கலாய்க்காதவர்கள் இன்று அரிது. பரிசுச் சீட்டு விழுந்திருக்கிறது என்கிறது ஒன்று. காலமான ஏதோவொரு நாட்டுத் தளபதியின் கோடிக்கணக்கான டொலரில் பங்கு தருவதாகச் சொல்கிறது இன்னொன்று. இணையத் தமிழர்கள் இதற்கு எரிதம் என்று பெயர் சூட்டினார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் நம்மில் பலர் இதை அடைமழை போல, தடுக்க முடியாத ஒன்றாகவே நினைத்துக் கொள்கிறார்கள். என் கருத்து வேறு. எரிதத்தில் பெரும்பங்கு, நமது முகவரி பொது இடத்தில் கிடந்ததால் வருவது.

இது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 1978 மே 3 ஆம் திகதி, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி துவெர்க், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்குத் தமது கணினிகளை விளம்பரப்படுத்தி ஒரே மடலை அனுப்பினார். உலகின் முதல் எரிதம் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த முகவரிகள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன? பாவனையாளர்களின் பெயர்களோடு அச்சிடப்பட்டிருந்த ஒரு விபரக் கொத்திலிருந்து! ஒருவரையொருவர் தொடர்புகொள்ளட்டும் என்று நல்லெண்ணத்தில் தயாரித்த பட்டியல் அது. 1994 ஏப்ரலில் கான்டர், சீகல் என்ற சட்டத்தரணித் தம்பதியர், அமெரிக்க கிறீன் கார்ட் குலுக்கலைக் காட்டி ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் விளம்பரத்தைக் கொட்டினார்கள். அந்தக் குலுக்கலின் பெயரால் இன்றும் இலங்கையில் ஏமாற்றுக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

பொது இடத்தில் முகவரியை எழுதினால் என்ன ஆகும் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜனநாயகத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான நிலையம் என்ற அமெரிக்க அமைப்பு 2003 இல் வெளியிட்ட ஆய்வு அது. புதிதாக நூற்றுக்கணக்கான முகவரிகளை உருவாக்கி, வெவ்வேறு இடங்களில் கொடுத்துவிட்டு, சில மாதங்கள் காத்திருந்தார்கள். வந்து சேர்ந்த எரிதங்களில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானவை இணையத் தளங்களில் வெளிப்படையாக எழுதப்பட்ட முகவரிகளுக்கே வந்தன. மனிதனுக்குப் புரியும்படியும் இயந்திரத்துக்குப் பிடிபடாதபடியும் மாற்றி எழுதிய முகவரிகளுக்கு ஒன்றுகூட வரவில்லை. தளத்திலிருந்து முகவரியை அகற்றியதும் வரத்து வெகுவாகக் குறைந்தது. இதைப் படிக்கும் வாசகர் ஒருவர் நினைவில் வைக்க வேண்டியது இந்தக் கடைசி இரண்டு செய்திகளைத்தான்.

வழிகள் எளியவை. பொது உரையாடலுக்கென்று தனி முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் தொழிலுக்கும் உறவினருக்கும் வேறொன்று இருக்கட்டும். ஜிமெயில் பாவிப்பவர்கள் தமது பெயரை அடுத்து ஒரு கூட்டல் குறியையும் விரும்பிய சொல்லையும் சேர்த்துக் கொடுக்கலாம்; மடல் அதே பெட்டிக்குத்தான் வரும், ஆனால் முகவரியைக் கசியவிட்டவர் யார் என்பது தெரிந்துவிடும். பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது எல்லா முகவரிகளையும் மறைபிரதிக் கட்டத்தில் இடுங்கள். எரிதத்துக்குப் பதில் எழுதித் திட்ட வேண்டாம். இந்தப் பெட்டியில் ஆள் இருக்கிறார் என்று நாமே அறிவிப்பதாகிவிடும்.

இதெல்லாம் படித்தவர்களின் பிரச்சினை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. மதுரங்குளியை அடுத்த எங்கள் கனமூலை போன்ற ஊர்களில் மின்னஞ்சலின் இடத்தைக் கைத்தொலைபேசி இலக்கம் பிடித்துக்கொண்டது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. அவை செய்த வேலையை இன்று வட்ஸ்அப் குழுக்கள் செய்கின்றன. சாதாரணக் குழுவொன்றில் சேர்ந்தவுடன் நமது இலக்கம் முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோருக்குத் தெரிந்துவிடுகிறது. வளைகுடா வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள், வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்குக் கீழே தமது இலக்கத்தையும் கல்வித் தகைமையையும் தாமே எழுதி வைக்கிறார்கள். மோசடிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதன் முடிவு சில நூறு ரூபா நட்டத்தோடு நிற்பதில்லை. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் இலங்கை இளைஞர்கள் அடைபட்டிருந்ததை உலகம் அறியும். தாய்லாந்தில் கணினி வேலை என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் அவர்கள். அங்கே அவர்களை அடித்து வதைத்துச் செய்வித்த வேலை என்ன? பிறருக்கு ஏமாற்றுச் செய்திகளை அனுப்புவது. நமக்கு வரும் ஒரு வேண்டாத செய்தியின் மறுமுனையில் நம்மைப் போன்ற ஒரு தாயின் பிள்ளை அழுதுகொண்டிருக்கவும் கூடும்.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்மதமின்றி விளம்பரச் செய்திகள் அனுப்புவதைக் கட்டுப்படுத்தவே ஒரு பகுதி உண்டு. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டம் முழு வலுவோடு இருந்தாலும் மியாவடியில் இருப்பவனை அது எட்டப் போவதில்லை.

எனவே பத்திரிகைத் தொழிலின் ஒரு பழைய வழக்கத்தை நினைவூட்ட விரும்புகிறேன். வாசகர் கடிதம் எழுதுபவரிடம் முழுப் பெயரையும் முகவரியையும் ஆசிரியர் கேட்டு வாங்குவார். ஆனால் அச்சில் வருவது பெயரும் ஊரும் மட்டுமே. வானொலியில் நேயர் விருப்பம் கேட்டவர்களுக்கும் தெரியும். அறிவிப்பாளர் பெயரையும் ஊரையும் வாசிப்பார், வீட்டிலக்கத்தை வாசிக்க மாட்டார். பேனா நண்பர் பகுதிகளில்தான் முழு முகவரியும் வந்தது. அதனால் இளம் பெண்களுக்கு வந்து குவிந்த வேண்டாத கடிதங்களைப் பற்றி அக்காலத்தவர் சொல்வார்கள்.

அந்தப் பொறுப்பை இன்று குழுக்களை நடத்துபவர்கள் ஏற்க வேண்டும். ஊர் அறிவித்தல்களுக்கு, உறுப்பினரின் இலக்கம் பிறருக்குத் தெரியாத வட்ஸ்அப் சமூக அறிவித்தல் வசதியைப் பயன்படுத்தலாம். இரத்தம் தேவை என்ற அறிவித்தலில் இலக்கம் இருந்தே ஆக வேண்டும். தேவை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும். வேலை தேடுவோர் இலக்கத்தைப் பொதுவில் எழுதாமல், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு பெற்ற முகவரா என்று பார்த்த பின்னர் நேரில் கொடுக்கட்டும்.

கருத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். சொன்னவர் யார் என்பதற்குப் பெயரும் ஊரும் போதும். மீதியைக் கேட்பவர், ஏன் கேட்கிறார் என்பதை முதலில் சொல்லட்டும்.