பழைய தீப்பெட்டியில் இருக்கு டிசைன் பாடம்... அப்படியே காப்பி அடிக்கலாமா?

எந்த டெம்ப்ளேட்டைத் திறந்தாலும் ஒரே மாதிரி போஸ்டர்தான். புது ஐடியா தேடும் டிசைனர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை ஒருமுறை சுற்றி வரலாம். எனாமல் போர்டு, பிஸ்கட் டின், தீப்பெட்டி லேபிள் என எல்லாமே பாடம்தான்.

என்ன கற்கலாம்?

1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. லேபிள்களின் தேவையால் அச்சுத் தொழிலும் அங்கே வளர்ந்தது. லேபிளில் இடமோ இரண்டு விரல் அகலம். நிறமோ மூணு, நாலு. படிக்கத் தெரியாதவரும் 'மயில் படம் போட்ட பெட்டி கொடுங்க' என்று கேட்டு வாங்கணும். அதனால் ஒரே படம், தடித்த கோடு, பளிச் நிறம். இன்றைய ஆப் ஐகானுக்கும் இதே சவால்தான்.

எழுத்தையும் கவனிக்கணும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய போர்டுகளில், யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய 'லை', 'னை' கண்ணில் படும்.

பழசு என்றால் இலவசமா?

இல்லை. இந்தியச் சட்டப்படி, ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். வரைந்தவர் யாரென்றே தெரியாவிட்டால், பொதுவாக வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். வணிகச் சின்னத்தையோ 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பொருளைக் காசு கொடுத்து வாங்கினாலும் படத்தின் உரிமை கூடவே வராது.

லேபிளை ஸ்கேன் செய்து டி-ஷர்ட்டில் போடுவது இன்ஸ்பிரேஷன் அல்ல. அது ஏன் கண்ணில் நிற்கிறது என்று புரிந்துகொண்டு புதிதாக வரையணும். பெயர்கூடப் போடாமல் வரைந்துவிட்டுப் போன கலைஞர்களுக்கு அதுதான் மரியாதை.