அறுந்த இழையும் ஆகாய விமானமும்

ஆரணியில் பட்டுத் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று பாவில் ஓர் இழை அறுகிறது. நெசவாளர் என்ன செய்கிறார்? உடனே தறியை நிறுத்துகிறார். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார். நேரம் போகிறதே என்று அப்படியே நெய்தால் சேலையில் கோடு விழும். விலை போகாது.

ஆகாய விமானத்துக்கும் இதே நியாயம்தான். ஆனால், இங்கே கெடுவது சேலை அல்ல, மனித உயிர்!

விமானம் உயரே பறக்கும்போது உள்ளே காற்றை அடைத்து வைக்கிறார்கள். அதனால் அதன் உடல் சற்றே உப்புகிறது. இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்து விடும் அல்லவா? விமானத்தின் தகடும் அப்படித்தான் களைத்துப் போகிறது.

1954-ம் ஆண்டில் இங்கிலாந்தின் 'காமெட்' ஜெட் விமானங்கள் இரண்டு, இத்தாலி அருகே கடலில் விழுந்தன. 56 பேர் மாண்டனர். நிபுணர்கள் வேறொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். ஜன்னல் மூலையில் வெடிப்பு உண்டாகி உடல் பிளந்தது! அதன் பிறகு, விமானத்தை வரையும்போதே இந்தக் களைப்பையும் கணக்குப் பார்க்கிறார்கள்.

வரைந்தால் மட்டும் போதுமா? 1988-ம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில், 19 வயதான போயிங் விமானம் ஒன்றின் கூரை நடுவானில் பிய்ந்து போயிற்று. அது 89 ஆயிரம் தடவைக்கு மேல் பறந்த விமானம். பணிப்பெண் ஒருவர் பலியானார். பராமரிப்பில் பழுதைக் கண்டுபிடிக்கத் தவறியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. விமானத்தில் ஏறும்போதே ஒரு பிரயாணி அந்த வெடிப்பைப் பார்த்தார். ஆனால், யாரிடமும் சொல்லவில்லை!

ஆகவேதான் விமானத்துக்குப் பிறப்பு முதல் ஓய்வு வரை பரிசோதனை. குறித்த காலத்தில் அதன் பாகங்களைத் திறந்து, வெடிப்பு உண்டா, துரு உண்டா என்று பார்க்கிறார்கள். சில உறுப்புகளுக்கு ஆயுள் கணக்கு உண்டு. பார்வைக்கு நன்றாக இருந்தாலும், கணக்கு முடிந்தால் கழற்றிவிட வேண்டும். எல்லாம் சரி என்று என்ஜினீயர் கையெழுத்திட்ட பிறகே விமானம் கிளம்பலாம்.

பழுது பார்ப்பதால் விமானம் தாமதமானால் பிரயாணிகள் சீறுகிறார்கள். சீற வேண்டாம். தறியை நிறுத்தும் நெசவாளரை யாரும் சோம்பேறி என்பதில்லையே!

சீற வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. விமானங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மத்திய சர்க்கார் இலாகாவில் ஏறக்குறையப் பாதி இடங்கள் காலியாக இருப்பதை 2025-ம் ஆண்டில் நாடாளுமன்றக் குழு சுட்டிக்காட்டியது. பார்க்கும் கண்கள் குறைந்தால் அறுந்த இழை யார் கண்ணில் படும்? அந்த இலாகாவில் ஓர் இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. அதற்கு ஆகும் செலவு, உயிரைவிடப் பெரியதல்ல.